கூட்டுப் படையெடுப்பும் ஏவலுயிரும் — ஒரு வரலாற்று நோக்கு

விளையாட்டின் வரலாறு, அதனைச் செய்து விற்ற நிறுவனங்களின் வரலாறாகவே பெரும்பாலும் எழுதப்பட்டு வந்துள்ளது. எந்த ஆண்டில் எது வெளிவந்தது, எத்தனை பேர் அதனை வாங்கினர், எந்தப் பொறி அதனை இயக்கிற்று என்பனவே அவ்வரலாறுகளின் பொருளாக அமைகின்றன. ஆடுவோர் தமக்குள் வகுத்துக்கொண்ட நெறிகளும் வழக்காறுகளும் அவற்றுள் இடம்பெறுவது அரிது. இணையவழிப் பாத்திரமேற்பு விளையாட்டுக்களைப் பொறுத்தவரையில் இது பெருங்குறையாகும். நாற்பது பேர் ஒரே வேளையிற் கூடி ஒரே பகையை எதிர்க்கும் களத்தில், நிறுவனம் எழுதிய விதிகள் மாத்திரம் ஒருபோதும் போதியனவாக இருந்ததில்லை. கூடியோர் தாமே சட்டஞ் செய்ய வேண்டியிருந்தது. அவ்வாறு அவர்கள் செய்த சட்டங்களுட் கடுமையான சில, அவர்கள் அழைத்து வந்த ஏவலுயிர்களைப் பற்றியனவாகும்.

ஏவலுயிர் என்று நாம் ஈண்டுக் குறிப்பது, ஆடுவோன் ஒருவனால் மந்திரத்தால் அழைக்கப்பட்டோ, காட்டிற் பிடித்துப் பழக்கப்பட்டோ, அவன் பக்கம் நின்று போரிடும் பூதம், பேய், விலங்கு முதலியவற்றையாம். ஆங்கிலத்தில் இவற்றைப் ‘பெற்’ என்று செல்லப்பிராணிக்குரிய சொல்லாலேயே வழங்குவர். அச்சொல் பொருத்தமற்றது. நமது மாந்திரீக வழக்கிலுள்ள ‘ஏவல்’ என்ற சொல் இதன் இயல்பை நன்கு புலப்படுத்துகின்றது. ஏவப்பட்டது ஏவியவனுக்குக் கீழ்ப்படியும். ஆயினும் அதற்கெனவும் ஓர் இயக்கம் உண்டு. ஏவியவன் கண்ணயர்ந்தால் யாது நிகழும் என்ற அச்சம் அச்சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கின்றது.

இவ்வச்சம் கணினிக்கு முற்பட்டது. 1974இல் கறி கைகக்ஸ், டேவ் ஆர்னிசன் ஆகிய இருவரும் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்’ என்னும் மேசை விளையாட்டிலே நிலம், நீர், தீ, வளி ஆகியவற்றின் பூதங்களை அழைக்கும் மந்திரம் ஒன்று இடம்பெற்றது. அழைத்தவன் மனத்தை ஒருமுகப்படுத்தியே இருத்தல் வேண்டும். சிந்தை சிதறின், வந்த பூதம் அழைத்தவன்மீதே பாயும் என்பது அதன் விதி. ஆற்றலுக்கு விலை கவனம் என்னும் இவ்விதியே பின்வந்த அத்தனை முறைகளுக்கும் வித்தாயிற்று. 1980களில் வளர்ச்சியுற்ற ‘ஹக்’, அதன் வழித்தோன்றலாக 1987இல் வந்த ‘நெற்ஹக்’ ஆகிய கணினி விளையாட்டுக்களில் ஆடுவோனுடன் ஒரு நாய்க்குட்டியோ பூனைக்குட்டியோ நிலவறைக்குள் இறங்கிற்று. அது கடைக்குள் நுழைந்து பொருளைத் தூக்கிவரும். சாபமுற்ற பொருள் கிடக்குமிடத்தில் மிதிக்கத் தயங்கும். அதனைக் கூர்ந்து நோக்கியவன் பல நன்மைகளைப் பெற்றான். ஆயின் இவையெல்லாம் தனியொருவன் ஆடியவை. நாய் தவறு செய்தால் நட்டம் அவன் ஒருவனுக்கே.

தவற்றின் விலையைப் பலர் கொடுக்க நேர்ந்தபோதுதான் நமது வரலாறு தொடங்குகின்றது எனலாம். 1997 செப்ரெம்பரில் வெளியான ‘அல்ற்றிமா ஒன்லைன்’ விளையாட்டிலே விலங்கு பழக்குதல் ஒரு தொழிலாகவே அமைந்தது. பழக்குவோன் தன் விலங்குகளுக்கு எழுத்தால் ஆணையிடுவான். ‘எல்லாம் கொல்லுக’ என்று தட்டச்சுச் செய்தால் அவனுடைய அத்தனை விலங்குகளும் பாயும். உணவு இடாவிடின் அவை பற்று நீங்கி மீண்டும் காட்டு விலங்காகிவிடும். பறவைநாகத்தைப் பழக்கி நகருக்குக் கொணர்ந்தவன் அதற்கு உணவிட மறந்தால், அதன் விளைவு அவனோடு நில்லாது என்பதை விளக்க வேண்டியதில்லை.

1999 மார்ச் 16ஆந் திகதி வெளிவந்த ‘எவர்குவெஸ்ற்’ இப்பிரச்சினையைக் கூட்டுப் போரின் நடுவே கொணர்ந்து நிறுத்திற்று. நால்வகைப் பூதங்களை அழைக்கும் மந்திரவாதி, எலும்புக்கூட்டை எழுப்பும் பிரேத மந்திரவாதி, பகையையே மயக்கித் தன் வசமாக்கும் மயக்குவித்தையாளன் எனப் பல வகுப்பினர் அதில் இருந்தனர். ‘தாக்கு’, ‘பின்வாங்கு’, ‘இங்கே காவல் நில்’, ‘என்னைத் தொடர்’ என்று ஆணைகள் எழுத்தாலேயே இடப்பட்டன. ஏவலுயிரை ஒரேயடியாக நீக்குவதற்குரிய ஆணை ‘தொலைந்து போ’ என்பதாகும்! அக்காலத்துக் கூட்டுப் படையெடுப்புக்களில் இவ்வாணையே மிகுதியும் வழங்கியிருத்தல் கூடும் என்று எண்ணத் தோன்றுகின்றது.

இதன் காரணத்தை விளங்கிக்கொள்வதற்கு அக்களத்தின் உள்ளமைப்பைச் சிறிது நோக்குதல் அவசியம். பகைவிலங்கு ஒவ்வொன்றும் தன்னை எதிர்ப்போர்மீது ஒரு வெறுப்புக் கணக்கை வைத்திருக்கும். கணக்கில் முன்னிற்பவனையே அது தாக்கும். தாங்குவோன் ஒருவன் அவ்வெறுப்பைத் தன்மேல் ஈர்த்து நிற்க, குணப்படுத்துவோர் அவன் உயிரைக் காக்க, ஏனையோர் அளவறிந்து தாக்குதல் கூட்டுப்போரின் அடிப்படை வேலைப்பிரிவினையாகும். ஏவலுயிருக்கும் அக்கணக்கில் ஒரு தனிப் பெயர் உண்டு. ஆனால் அதற்கு அளவு தெரியாது. அழைத்தவன் ஒரு பாறையிலிருந்து கீழே குதித்தாற் பூதம் குதிக்காது. படிகளையும் அறைகளையும் சுற்றிக்கொண்டு அவனிடம் வந்து சேரும். வருகின்ற வழியில் உள்ள பகைகள் அனைத்தும் அதன் பின்னால் வரும். இவ்வாறு ஒருவரைத் துரத்தி வரும் பகைத்திரளை அவ்வுலகத்தோர் ‘புகைவண்டித் தொடர்’ என்னும் பொருள்பட ‘ட்ரெயின்’ என்றே அழைத்தனர். மயக்கி வசப்படுத்திய பகையின் நிலை இதனினும் இடர் மிக்கது. மயக்கம் எந்நேரத்திலும் முறியலாம். முறிந்தவுடன் அது முதலில் தேடுவது தன்னை மயக்கியவனையே. ஆயினும் அவ்வாறு மயக்கப்பட்டது அழைக்கப்பட்ட பூதத்தினும் வலிது என்பதனால், திறமையுடையோர் அவ்விடரை மனமறிந்தே ஏற்றனர். மயக்கம் முறியும் கணத்தில் அதனைத் திகைக்கச்செய்து, உறங்கவைத்து, மீண்டும் மயக்குதல் ஒரு கலையாகப் போற்றப்பட்டது.

எவர்குவெஸ்ற் மந்திரவாதியின் உழைப்பிலும் கவனிக்கத்தக்க ஓர் அம்சம் உண்டு. அழைக்கப்படும் பூதத்தின் நிலை ஒரே சீராக அமைவதன்று; ஒரு முறை வலியதும் மறுமுறை மெலியதும் வரும். வலியதொன்று வரும்வரை மந்திரவாதிகள் திரும்பத் திரும்ப அழைத்தனர். வந்ததன் கையிலே ஆயுதங் கொடுத்தனர். அது இறந்தாற் கொடுத்த ஆயுதமும் அதனோடு போயிற்று. இத்துணை உழைப்பினால் உருவாக்கிய ஒன்றை, படைத்தலைவன் ஒருவன் ‘நீக்குக’ என்று ஆணையிட்டவுடன் நீக்கவேண்டிய நிலை, அவ்வகுப்பினருக்குக் கூட்டத்தில் இருந்த தகுதியை ஐயத்துக்குரியதாக்கிற்று. தனியே ஆடுங்கால் பெருவலி படைத்தவன், கூட்டத்திற் சேர்ந்தவுடன் தன் வலியைக் கதவுக்கு வெளியே விட்டுவர வேண்டியவனானான்.

இம்முரண்பாடு ஒரு நிறுவனத்துக்கோ ஒரு நாட்டுக்கோ உரியதன்று. 2002 மே மாதம் யப்பானில் வெளியான ‘ஃபைனல் ஃபன்ரசி 11’ விளையாட்டில், விலங்கை வசப்படுத்துவோன் குழுவொன்றிற் சேர்ந்து தன் விலங்கை வெளியில் வைத்திருந்தால் அக்குழுவினர் அனைவருக்கும் கிடைக்கும் அனுபவப் புள்ளிகள் குறைந்தன. ஆகவே அவனைச் சேர்ப்போர் அருகினர். அவ்வகுப்பினர் தனித்தோ தம்முட் சேர்ந்தோ ஆடினர். அவ்விளையாட்டின் ‘அழைப்போன்’ நிலை இன்னும் விசித்திரமானது. அவன் அழைக்கும் தெய்வங்கள் களத்தில் நிற்கும் ஒவ்வொரு கணமும் அவனுடைய மந்திர வலியை உறிஞ்சின. ஆதலால் குழுக்கள் அவனை அழைப்பதற்காகச் சேர்க்கவில்லை. துணைத்தொழிலாக அவன் கற்றிருந்த குணப்படுத்தலுக்காகவே சேர்த்தன.

2004 நொவெம்பர் 23ஆந் திகதி ஐக்கிய அமெரிக்காவில் வெளிவந்த ‘வேர்ல்ட் ஒவ் வோர்கிராஃப்ற்’ இவ்வழக்காறுகள் முதிர்ச்சியடைந்த களமாகும். இதில் ஏவலுயிரை முதன்மையாகக் கொண்ட வகுப்பினர் இருவர். வேடன், காட்டு விலங்கைப் பழக்குவான். சூனியக்காரன், பேய்களை அழைப்பான். வேடனுடைய விலங்குக்கு உணவிட வேண்டும். அதுவும் அவ்வவ்வினத்துக்கேற்ற இறைச்சி, மீன், ரொட்டி, பழம் என்றவாறு. மனநிறைவோடு இருந்த விலங்கு வழமையிலும் காற்பங்கு கூடுதலாகவும், மனங்குன்றியது காற்பங்கு குறைவாகவும் சேதம் விளைவித்தது. பற்று மிகக் குறைந்தால் அது வேடனை விட்டே ஓடிவிடும். சூனியக்காரனோ வலிய பேய்களை அழைப்பதற்கு, இறக்கும் பகையின் உயிரைக் கவர்ந்து எடுத்த ஆன்மத் துண்டு ஒன்றைச் செலவிட வேண்டும். ஒவ்வொரு துண்டும் அவனுடைய பையில் ஓரிடத்தை அடைத்துக்கொள்ளும். பெரும்போருக்குப் புறப்படும் சூனியக்காரனின் பை, உணவும் மருந்தும் இன்றி ஆன்மத் துண்டுகளால் நிறைந்திருந்தது.

மோல்ற்றன் கோர் என்னும் தீக்குகையினுள் நாற்பதின்மர் புகுந்த அக்காலத்திலே, குழுமங்கள் தோறும் சில நெறிகள் வாய்மொழியாக வழங்கின. நிறுவனத்தின் கைந்நூல் அவற்றைக் கட்டாயமாக்கவில்லை. ஏவலுயிரை எப்பொழுதும் ‘வாளாவிருக்கும்’ நிலையிலேயே வைத்தல் வேண்டும். ஆணையிட்ட பின்னரே அது பாய்தல் வேண்டும். ‘உறுமல்’ என்னும் திறனை அணைத்துவிடல் வேண்டும். தனியே ஆடுங்காற் பகையின் வெறுப்பைத் தன்மீது இழுத்து வேடனைக் காக்கும் அவ்வுறுமல், கூட்டத்தில் தாங்குவோனிடமிருந்து பகையைப் பிரித்துத் திருப்பிவிடும். மேட்டிலிருந்து குதிப்பதற்கு முன் விலங்கை நீக்கிவிடல் வேண்டும். நோம்ரகன் என்னும் சிறு நிலவறையிலே வேடன் குதிக்க, விலங்கு சுற்றுவழியே வந்து முழு நிலவறையையும் திரட்டிவந்த கதை, ஐவர் குழுவில் ஆடிய எவருக்கும் புதிதன்று.

இந்நெறிகளின் அடிப்படையை நோக்குமிடத்து ஒரு தெளிவான நீதிக் கொள்கை புலப்படுகின்றது. பிராணி செய்த பிழைக்குப் பிராணி பொறுப்பன்று, உடையவனே பொறுப்பு. மாடு பயிரை மேய்ந்தால் மாட்டுக்காரன் நட்டஈடு கொடுக்கும் ஊர்வழக்கும் இதுவே. வேறுபாடு யாதெனில், ஈண்டு நட்டத்தை ஈடுசெய்ய வழியில்லை. ஒரு விலங்கு தவறிப் பாய்ந்தால் நாற்பதின்மர் மாள்வர். அவர்களை எழுப்பி, மீண்டும் ஆயத்தஞ் செய்து, இழந்த நேரத்தை எவரும் திருப்பித்தர இயலாது. ஆகவே தண்டனை பெரும்பாலும் சொல்லாலேயே வழங்கப்பட்டது. வேடர்களைப் பற்றி அவ்வுலகில் வழங்கிய ஏளனங்களின் தொகை இதற்குச் சான்று.

நாற்பதின்மரின் உயிர்நிலையையும் ஒருங்கே கண்காணித்த குணப்படுத்துவோர், ஏவலுயிருக்கு ஒதுக்கக்கூடிய கவனம் மிகச் சொற்பம். பெரும்பகையின் முன்வாயிலிருந்தும் சுற்றிலும் பரவும் தீயிலே முதலில் மடிவது ஏவலுயிரேயாகும். மடிந்ததை மீட்கப் பத்து விநாடிகள் வேண்டியிருந்தன. போரின் நடுவே பத்து விநாடி என்பது ஒரு யுகம். இதனால் விந்தையான ஒரு நிலை உருவாயிற்று. சூனியக்காரனிடமிருந்த பேய்களுட் கூட்டத்தார் விரும்பியது, சண்டையிடாத ஒன்றையே. குட்டிப்பேய் எனத்தக்க அச்சிறு உரு, எவரும் தொட முடியாத நிலையில் மறைந்து நின்றவாறே, தன் குழுவினர் ஐவருக்கும் உடல்வலிமையைக் கூட்டிக்கொண்டிருக்கும். அதன் பணி நிற்றல் ஒன்றே. இதனினும் கொடிதான மற்றொரு முறையும் இருந்தது: மோகினிப் பேயை ஆன்மத் துண்டு செலவிட்டு அழைத்து, வந்தவுடனேயே பலியிடுதல். பலியிட்டவனுடைய நிழல் மந்திரங்களின் வலு 15 வீதத்தால் அரைமணி நேரத்துக்குக் கூடும். ஏவலுயிர் உயிரோடிருப்பதிலும் இறந்துபடுவதே இலாபம் என்ற கணக்கை எவரும் கொடுமையாகக் கருதியதாகத் தெரியவில்லை. வேடனும் மோல்ற்றன் கோருக்குள் தன் விலங்குக்காக அழைக்கப்பட்டவனல்லன். மக்மதார் என்னும் இருதலைத் தீநாயின் வெறியைத் தணிக்கும் அம்பு அவனிடமே இருந்தது. அதற்காகவே அவன் இன்றியமையாதவனானான்.

இவ்வாறு குழுமங்களின் வழக்காறு ஏவலுயிரை அடக்கி வைத்திருந்த காலையில், எவரும் சட்டஞ் செய்யாத ஒரு வழியால் அது தன் இருப்பை முழு உலகுக்கும் உணர்த்திற்று. 2005 செப்ரெம்பர் 13ஆந் திகதி சூல்குரூப் என்னும் இருபதின்மர் களம் திறக்கப்பட்டது. அதன் இறுதிப் பகையாகிய ஹக்கார் என்னும் குருதித் தெய்வம் தன்னை எதிர்ப்போர்மீது ‘கெட்ட குருதி’ என்ற நோயை ஏவும். சில விநாடிகளுக்கு ஒரு முறை 250 முதல் 300 வரையான உயிர்ப்புள்ளிகளை அது குடிக்கும். அருகில் நிற்போருக்குத் தொற்றும். உச்சநிலை அடைந்தோருக்கு நாலாயிரம் ஐயாயிரம் புள்ளிகள் இருந்தமையால் அவர்கள் தாக்குப்பிடித்தனர். களத்தை விட்டு வெளியேறுவோரிடம் நோய் தங்காது என்பது வகுத்தோரின் எண்ணம். ஆயின் அவர்கள் ஒன்றை மறந்தனர். வேடன் தன் விலங்கை நீக்கும்போது, அது எந்நிலையில் இருந்ததோ அந்நிலையிலேயே சேமிக்கப்பட்டது. நோயோடு நீக்கப்பட்ட விலங்கு, மக்கள் நெருங்கிய பெருநகரில் மீண்டும் அழைக்கப்பட்டபோது, நோயோடுதான் வந்தது.

இதற்கு முன்னோட்டம் ஏலவே நிகழ்ந்திருந்தது. மோல்ற்றன் கோரின் பாரன் கெடன் ஏவும் வெடியைத் தன் விலங்கின்மேல் ஏற்று, அதனை நீக்கி, ஏலச்சந்தையில் அழைத்து வெடிக்கச் செய்து மகிழ்ந்த வேடர்கள் இருந்தனர். வெடி ஒருமுறை வெடித்து அடங்கும். நோய் அவ்வாறு அடங்கவில்லை. நகரங்களில் நின்ற கடைக்காரர், காவலர் முதலிய கணினிப் பாத்திரங்கள் இறவாது நோயைத் தாங்கிப் பரப்பும் ஊர்திகளாயின. தாழ்நிலையினர் கண்ணிமைப்பொழுதில் மடிந்தனர். பெருநகர் வீதிகள் எலும்புக்கூடுகளால் நிறைந்தன. சிலர் குணப்படுத்த ஓடிவந்தனர். சிலர் நகரைவிட்டு நாட்டுப்புறத்துக்கு ஓடினர். சிலர் நோயை வேண்டுமென்றே ஏந்திச் சென்று பரப்பினர். பிளிசார்ட் நிறுவனம் விதித்த தனிமைப்படுத்தலை மதித்தோர் சிலரே. ஈற்றில், பாதிக்கப்பட்ட கணினி வழங்கிகள் மீளத் தொடக்கப்பட்டன. ஒக்ரோபர் மாதம், ஏவலுயிர்களை அந்நோய் தொற்றாதவாறு விதி மாற்றப்பட்ட பின்னரே அது ஓய்ந்தது.

நோயியல் ஆய்வாளர்களான எரிக் லொவ்கிரன், நீனா ஃபெஃபர்மன் ஆகிய இருவரும் 2007இல் ‘லான்செற்’ குடும்பத்தைச் சேர்ந்த தொற்றுநோய் ஆய்விதழில் இந்நிகழ்ச்சியை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டனர். மெய்யுலகத் தொற்றுநோயின்போது மனிதர் எவ்வாறு நடப்பர் என்பதை அறியக் கற்பனை உலகங்கள் உதவக்கூடும் என்பது அவர்தம் வாதம். அக்கட்டுரையைத் தொடர்ந்து இந்நிகழ்ச்சி பற்றி எழுதியோர் பலரும் மனிதரின் நடத்தையையே முதன்மைப்படுத்தினர். அது நியாயமே. எனினும் நமது பொருளுக்கு வேண்டியது வேறு. விலங்கிலிருந்து மனிதருக்குத் தாவும் நோயின் அமைப்பை எவரும் திட்டமிட்டு எழுதவில்லை. ஏவலுயிருக்கென ஒரு தனி நிலை, ஒரு நினைவு இருந்தமையாலேயே அது தானாக அமைந்தது. அதற்கு நிறுவனம் கண்ட தீர்வும் மனங்கொள்ளத்தக்கது. பிராணியைக் களத்திலிருந்து விலக்கவில்லை. களத்தில் நிகழ்வது பிராணியைத் தீண்டாதவாறு செய்தது.

பின்வந்த பதினைந்து ஆண்டுகளின் போக்கு அத்தீர்வின் விரிவாகவே காணப்படுகின்றது. வேடனது விலங்கின் பற்று நிலைகள் 2008இல் ஒழிக்கப்பட்டன. உணவூட்டி மனநிறைவு பேணும் முறை 2011இல் நீங்கிற்று. பரவும் தாக்குதல்களால் ஏவலுயிருக்கு நேரும் சேதம் வெகுவாகக் குறைக்கப்பட்டது. 2014இல், விலங்கின்றியே போரிடும் வேடனுக்கு ஈடாக மேலதிக வலு வழங்கும் ‘தனித்த ஓநாய்’ என்னும் திறன் வந்தது. அழைக்கும் வகுப்பினன் அழையாதிருப்பதற்குப் பரிசு பெற்றான். ‘ஃபைனல் ஃபன்ரசி 14’ விளையாட்டின் 2021 டிசெம்பர் விரிவாக்கத்தில், அழைப்போன் அழைக்கும் தெய்வங்கள் தோன்றி, ஓர் அடி அடித்து, மறைந்துவிடுகின்றன. அவை வழிதவற வழியில்லை. ஏனெனில் அவை எவ்வழியிலும் நடப்பதில்லை. எதிர்ப்போக்கு முற்றாக இல்லாமற் போகவில்லை. 2005 ஒக்ரோபரில் வெளிவந்த ‘சிற்றி ஒவ் வில்லன்ஸ்’, ஆறு ஏவலாட்களை ஒருங்கே நடத்தும் வகுப்பொன்றையே படைத்தது. ஆயினும் அது விதிவிலக்கேயாம்.

குழுமங்கள் வாய்மொழியாக வகுத்த நெறிகள் யாவும் இவ்வாறு படிப்படியே நிறுவனத்தின் நிரலுக்குள் உறிஞ்சப்பட்டன. ‘உன் விலங்கை அடக்கு’ என்ற ஊர்ச்சட்டத்தின் இடத்தை, அடக்க வேண்டாத விலங்கு பிடித்துக்கொண்டது. இதனைச் சீரழிவு என்று கூறிப் பழைமையைப் போற்றுவோர் உளர். அவர்கள் கூற்றை நாம் முழுமையாக ஏற்பதற்கில்லை. கதவுக்கு வெளியே பூதத்தை விட்டுவரப் பணிக்கப்பட்ட எவர்குவெஸ்ற் மந்திரவாதியையும், எக்குழுவும் ஏற்காத யப்பானிய விளையாட்டின் விலங்காளனையும் நினைத்துப் பார்த்தால், பிற்கால மாற்றங்கள் அவர்களுக்குச் சமமான இருக்கை ஒன்றைத் தந்தன என்பதை மறுத்தல் நேர்மையாகாது. ஆனால் அவ்விருக்கையில் அமர்ந்தவன் பழைய ஆள்தானா என்பது வேறு வினா. மயக்கம் முறியும் கணத்துக்காகக் காத்திருந்தவனுடைய திறனை, முறியாத மயக்கம் ஒன்றைத் தந்து காப்பாற்றிவிட முடியாது. கூட்டத்தாரும் ஒன்றை இழந்தனர். அடங்காத ஏவலுயிரை ஒருவன் அடக்கி நடத்துகின்றான் என்று அறிந்து அவனை உடன்கொண்டு சென்றது ஒரு நம்பிக்கை. பிழைசெய்ய இயலாத கருவியை ஏந்திவருபவன்மேல் அத்தகைய நம்பிக்கை வைக்கவேண்டிய தேவை எழுவதில்லை.

இழந்ததைத் தேடியோரும் இருந்தனர் என்பதற்குச் சான்றுண்டு. 2019 ஓகஸ்ற் மாதம் பிளிசார்ட் நிறுவனம் தனது விளையாட்டின் பழைய வடிவத்தை ‘கிளாசிக்’ என்ற பெயரில் மீளத் திறந்தது. உணவூட்டலும் ஆன்மத் துண்டும் உறுமலும் அவற்றோடு மீண்டன. உறுமலை அணை, குதிக்குமுன் நீக்கு என்ற பழைய வாய்மொழிகளும், பதினைந்து ஆண்டுகளின் பின், அவற்றைக் கேட்டறியாத ஒரு தலைமுறையின் காதில் மீண்டும் ஒலித்தன. ஆயினும் மீட்கப்பட்ட வடிவம் முதலாண்டின் வடிவமன்று; 2006ஆம் ஆண்டு வரையான திருத்தங்கள் யாவும் சேர்ந்த வடிவமே அது. 2020 ஏப்பிரலில், மெய்யுலகின் நகரங்கள் பெருந்தொற்றினால் வெறிச்சோடிக் கிடந்த வாரங்களில், அங்கே சூல்குரூப்பின் வாயில் திறந்தது. இருபதின்மர் உட்புகுந்தனர், ஹக்கார் பழையபடி கெட்ட குருதியை ஏவியது, போர் முடிந்தபின் வேடர்கள் தம் விலங்குகளோடு பெருநகருக்குத் திரும்பினர். அவ்விலங்குகள் இம்முறை எதனையும் கொண்டுவரவில்லை.